மங்கிய வில்லையும் பதறிய கையும்

கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இக்காலத்திலும், நம் பழைய மாணவர் பலரது இல்லங்களிலே தந்தையர் வாங்கிய கமராக்கள் உறங்குகின்றன. அவற்றை எடுத்துப் பார்ப்போர், வில்லை மங்கியிருக்கக் கண்டதும் சால்வைத் தலைப்பாற் துடைக்கத் தொடங்குகின்றனர். அன்றேல் பழுதென்று எறிந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் தகாதன என்பதே என் கருத்து.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்த முறை. வில்லைக்கும் அதுவே பொருந்தும். மூட்டம் யாவும் ஒரு தன்மையன அல்ல. உள்ளே இட்ட மசகெண்ணெய் நாளடைவில் ஆவியாகிக் கண்ணாடியிற் படிதல் ஒன்று. வேர்போற் கிளைத்துப் படரும் பங்கசு மற்றொன்று. கண்ணாடிகளை ஒட்டிய கனடாப் பிசின் விலகுதல் மூன்றாவது. கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்படுதல் நான்காவது. முதலாவது பெரும்பாலும் எளிதில் நீங்கும். இரண்டாவது காலத்தே கண்டால் நீங்கும். மூன்றாவதற்குப் பிரித்து மீள ஒட்டல் வேண்டும். நான்காவதோ எத்துணை துடைப்பினும் நீங்காது.

இருளறையில் வில்லையின் பின்புறமிருந்து மின்சூளொளியைச் செலுத்தி நோக்கின், மூட்டம் உண்டோ, எத்தகையது என்பது பெரும்பாலும் புலனாகும். சிறிது மூட்டமாயின் வாளாவிடுதலே நன்று. மிகுதியாயின், ஒளியை எதிர்நோக்கி எடுக்கும் படங்களிற் கருமை சாம்பராகி உருவம் வெளிறும். அப்பொழுது தொழிலறிந்தாரிடம் கொடுத்தல் வேண்டும்.

"துடைத்தலில் என்ன தீங்கு?" என வினவலாம். 1933இல் வெளிவந்த லைக்கா சும்மார் வில்லையின் முன்கண்ணாடி மென்மையானது, எளிதிற் கீறுபடும். 1935இல் செயிசு நிறுவனத்துச் சுமக்குலா கண்ட தெறிப்புத்தடைப் பூச்சும் தொடக்கத்தில் மென்மையாகவே இருந்தது. மூட்டம் பலவேளை நீங்கும், கீறலோ நீங்காது.

வருமுன் காத்தலே சிறந்தது. ஈரலிப்பு மிக்க நம் நாட்டிற் தோலுறையும் பூட்டிய அலுமாரியும் பங்கசுக்கு வாய்ப்பான இடங்கள். உறையை நீக்கி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா செல்லுடன் இறுக மூடிய பெட்டியில் வைத்திடுக. இடையிடையே வெளியே எடுத்துப் படம் பிடித்திடுக. மாணவரே, உம் இல்லத்துப் பெரியோர் விழித்துக் கண்ட அக்கண்ணை அவசரத்தாற் குருடாக்காதீர்.