இல்லாத ஒருவருக்காக ஏங்கும்போது



நாம் நேசிக்கும் ஒருவர் இல்லாதபோது, அவர் விட்டுச் சென்ற இடத்தை எவ்வாறு நோக்குகின்றோம்? உதைபந்தாட்ட வரலாற்றின் இரு நிகழ்வுகள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

2014 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகள் பிரேசிலில் நடைபெற்றன. ஜூலை 4 ஆம் திகதி கொலம்பியாவுக்கு எதிரான காலிறுதி ஆட்டத்தில், எதிரணி வீரர் ஒருவரின் முழங்கால் நெய்மாரின் முதுகில் மோதியது. முள்ளந்தண்டு எலும்பொன்று முறிந்தது. அத்தொடரில் 4 கோல்களைப் பெற்றிருந்த அந்த 22 வயது வீரருக்காக ஒரு தேசமே கண்ணீர் வடித்தது. நான்கு நாட்களின் பின்னர் பெலோ ஒரிசோந்தே நகரில் ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதி. இரசிகர் பலர் நெய்மாரின் முகமூடியுடன் வந்தனர். தேசிய கீதம் ஒலிக்கையில் இரு வீரர்கள் அவரது 10 ஆம் இலக்கச் சட்டையைக் கைகளில் ஏந்தி நின்றனர். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் கழியுமுன் ஜேர்மனி 5 கோல்களைப் பெற்றுவிட்டது. முடிவு 7-1.

அன்று களத்தில் இல்லாதவர் நெய்மார் மட்டும்தானா? அணித் தலைவர் தியாகோ சில்வாவும் இல்லை. தொடரில் இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்றமையால் அவருக்கு அவ்வாட்டத்தில் விளையாடத் தடை. அவர் பின்களத்தின் காவலர். நெய்மார் ஆடியிருந்தால் பிரேசில் மேலும் ஓரிரு கோல்களைப் பெற்றிருக்கலாம். ஆனால் அந்த 7 கோல்களும் நுழைந்தது தியாகோ சில்வா காக்கவேண்டிய வாசல் வழியாகவே. நமது கண்ணீரும் பெரும்பாலும் கோல் போடுபவருக்கே உரியதாகின்றது. வாசலைக் காத்து நிற்பவர் இல்லாமற் போனதை, வீடு உடைந்த பின்னரே உணர்கின்றோம்.

இனி 1962 ஆம் ஆண்டுக்குச் செல்வோம். சிலி நாட்டில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமுற்றார். அதன்பின் அத்தொடரில் அவர் ஆடவில்லை. அவரது இடத்திற்கு வந்தவர் அமரில்டோ என்னும் இளைஞர். அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயின் முன்னிலை பெற்றிருக்க, அவர் இரு கோல்களைப் போட்டு அணியைக் கரைசேர்த்தார். வளைந்த கால்களோடு பிறந்த காரிஞ்சா, காலிறுதியிலும் அரையிறுதியிலும் தலா இரு கோல்கள் போட்டார். இறுதியாட்டத்தில் பிரேசில் 3-1 என வென்றது. அதன் முதற் கோலும் அமரில்டோவினுடையதே.

1962 ஆம் ஆண்டு அணியில் அனுபவசாலிகள் நிறைந்திருந்தனர் அல்லவா, இரண்டையும் ஒப்பிடுவது தகுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வெற்றி தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் ஒன்று தெளிவு: பெலேயின் இடம் வெறுமையாக விடப்படவில்லை. எவரும் பெலேயாக மாற முயலவுமில்லை. ஒவ்வொருவரும் தமக்கு அளிக்கப்பட்ட தாலந்தையே இன்னும் சற்று அதிகமாகக் கொடுத்தனர்.

ஏங்குவது தவறன்று, அது அன்பின் அடையாளம். ஆனால் ஒருவர் மீதே முழுப் பாரத்தையும் சுமத்தும் அன்பு, அவர் இல்லாதபோது நம்மை முடக்கிவிடும். அவர் திரும்பி வரும்போது அவரையும் நசுக்கிவிடும். 2023 ஒக்டோபரில் நெய்மார் மீண்டும் முழங்காற் காயத்துடன் களத்தை விட்டகன்றபோது, இரசிகர்கள் ஏங்கினர். அந்த ஏக்கத்தினூடே, காயமுற்ற ஒரு மனிதனின் வேதனை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நமது இல்லங்களையும் ஆலயங்களையும் எண்ணிப் பார்ப்போம். பாடகர் குழுவில் இனிய குரலுடையவர் ஒருவர் வராவிடின், அன்றைய பாடலே சோர்ந்துபோகின்றது. ஆனால் விடியுமுன் வந்து கதவைத் திறந்து, இருக்கைகளைத் துடைத்து வைப்பவர் நோயுற்றுக் கிடந்தால், அவரை நலம் விசாரிக்கச் செல்வோர் எத்தனை பேர்? ஓர் உடலிலே கண் மட்டும் உறுப்பன்று. மறைந்திருக்கும் எலும்பும் உறுப்பே.

ஆகவே, இவ்வாரம் நம்மிடையே இல்லாத ஒருவரை நினைக்கையில், அவரது சட்டையை ஏந்தி நிற்பதோடு நின்றுவிடாதிருப்போம். அவர் செய்த பணியில் ஒரு பங்கை நம் கையில் எடுப்போம். எவரும் தேடாத ஒருவரையும் தேடிச் செல்வோம்.

சிந்திப்போம்.