நெஞ்சு அடைக்கிறது என்று சொல்ல வெட்கம் எதற்கு?

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் என் தம்பியை இழந்தேன். கடைசியாக முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்தது போல இருக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு இறுகும். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நின்ற இடத்திலேயே வியர்த்துப் போயிருக்கிறேன். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. "இதயத்தில் கோளாறு இல்லை, மனநல நிபுணரைப் பாருங்கள்" என்றார் டாக்டர். போய்ப் பார்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. தாமதத்துக்குக் காரணம் பணம் அல்ல, தவறான எண்ணங்கள்தான். அவற்றைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, அங்கே போகிறவன் பைத்தியம் என்ற எண்ணம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற பெயரையே கேலிக்குப் பயன்படுத்துகிறோம். நாட்டுக்கே வழிகாட்டும் ஒரு நிறுவனம் நம் ஊரில் இருப்பதற்குப் பெருமைப்பட வேண்டாமா?

இரண்டாவது, உடல்வழி உளச்சிகிச்சை என்றதும் "மசாஜா?" என்று சிரித்தார் என் மைத்துனர். அங்கே நான் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். பாதம் தரையில் படுகிறதா, மூச்சு எங்கே நிற்கிறது, தோள் இறுகியிருக்கிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள். நம் சம்மதம் இல்லாமல் தொடுவது முறையல்ல. "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போதும் உண்டு.

மூன்றாவது, முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டி அழ வேண்டும் என்ற பயம். நல்ல நிபுணர் அவசரப்படுத்த மாட்டார். துயரத்தைச் சற்றே தொட்டுவிட்டு, மீண்டும் அமைதிக்குத் திரும்பப் பழக்குவார். அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தபோது நான் துயரத்தை மறந்திருந்தேன். இங்கே அதைத் தாங்கக் கற்றுக்கொண்டேன்.

நான்காவது, ஒரே தடவையில் குணமாகும் என்ற பேராசை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டின் 13 மீனவ கிராமங்களில் 150 பேருக்கு இவ்வகைச் சிகிச்சை 75 நிமிடம் அளிக்கப்பட்டது. எட்டு மாதம் கழித்தும் பெரும்பாலோர் நலமாக இருந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதை எழுதிய மூவரில் ராஜா செல்வம் ஒருவர். ஆனால் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடாத ஆய்வு அது. காலம் ஆற்றியது எவ்வளவு, சிகிச்சை ஆற்றியது எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே அற்புதம் என்று விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, இது மேல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணம். ஃபிராய்டிடம் பயின்ற வில்ஹெல்ம் ரைக், அடக்கிய உணர்ச்சி தசைகளில் இறுகி நிற்கிறது என்று 1930-களில் எழுதியது உண்மைதான். ஆனால் நம் பாட்டிமார்கள் வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று என்றைக்கோ சொல்லிவிட்டார்களே!

முதல் நாள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள், உடம்பில் என்ன உணர்கிறீர்கள் என்று. நாற்பது வருடம் ஆபீசில் ஆங்கிலம் பேசியவன் நான். பதில் வரவில்லை. "தொண்டை அடைக்குதும்மா" என்று தமிழில் வாய் தானாகச் சொன்னது. அப்போதுதான் கண்ணீர் வந்தது. நல்லவேளை, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது முக்கியம். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இப்போதும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். பையைக் கீழே வைத்து, காலைத் தரையில் ஊன்றி, மூச்சு சீராகும்வரை காத்திருக்கிறேன். பிறகு காய்கறி வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன். ஒன்றரை வருடம் முன்பே போயிருக்கலாம். நீங்களாவது தாமதிக்காதீர்கள்.