ரத்தம் ஏரியைத் தாண்டி வரட்டுமே!

பழவேற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூநாரை, படகு சவாரி, திரும்பும்போது ஒரு கிலோ இறால்... சரிதானே? எனக்கு வேறொரு கவலை வரும். அங்கே ஒரு குப்பத்தில் குழந்தை பெற்றவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால்?

பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் கொட்டும். ஊசி மருந்தில் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காதவர்களுக்கு ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். "ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க" என்று நர்ஸம்மா சொன்னால், கடலிலிருந்து ஓடி வந்த புருஷன் எங்கே ஓடுவார், பொன்னேரிக்கா, சென்னைக்கா?

ரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கக் கூடாதா என்பீர்கள். பிரிட்டனில் அப்படி வளர்த்த சிவப்பணுக்களை 2022-ல் முதன்முதலாக மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அளவு? ஒன்றிரண்டு ஸ்பூன்! அதற்குக் காத்திருக்க முடியாது.

நம் வரிப்பணத்தில் நடக்கும் இன்னொரு ஆராய்ச்சிதான் இந்த ஊருக்குத் தோதானது. 2023 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ரத்தப் பைகளை ட்ரோனில் அனுப்பிப் பார்த்தது. ரத்தம் சூடு தாங்காது. ரொம்பக் குலுங்கினால் சிவப்பணுக்கள் உடையும். அதனால் ட்ரோனில் போனதையும் ஆம்புலன்ஸில் போனதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் சோதனை நடந்த இடம் டெல்லி, நொய்டா வட்டாரம். சுற்றிலும் பெரிய ஆஸ்பத்திரிகள்!

இதே கவுன்சில் 2021 அக்டோபரில் மணிப்பூரின் லோக்டாக் ஏரிக்கு நடுவே இருக்கும் கராங் தீவுக்கு ட்ரோனில் கொரோனா தடுப்பூசி அனுப்பியது. தரைவழியாக 26 கிலோமீட்டர், வான்வழியில் 15. கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. லோக்டாக்கில் முடிந்தது பழவேற்காட்டில் முடியாதா? ருவாண்டாவில் 2016 முதலே ரத்தம் இப்படிப் பறக்கிறது. அங்கே ரத்தம் காலாவதியாகி வீணாவது 67 சதவிகிதம் குறைந்ததாக 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது.

ஆகவே, அடுத்த கட்டச் சோதனையை இந்த ஏரிக்கரையில் வையுங்கள். சிவப்பணு உடைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. போன் போட்ட நிமிஷத்திலிருந்து ரத்தம் நரம்பில் ஏறும் வரை எத்தனை நிமிஷம் ஆயிற்று, அதைக் கணக்கெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பறக்கவிட்டுப் பாருங்கள். படகு போக முடியாத நாளில்தானே ட்ரோன் வேண்டும்!

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தைச் சேமித்து வைக்க 2001-லேயே மத்திய அரசு லைசென்ஸ் விதியைத் தளர்த்தியிருக்கிறது. கரையோரம் ஒரு குளிர்பெட்டியில் நாலு பை இருந்தால் பாதிக் கவலை தீரும்.

ஒரு சிக்கல் உண்டு. பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்பார்கள். அன்றைக்கு ஒருத்திக்கு வலி எடுத்தால் ட்ரோனுக்கு யார் அனுமதி தருவது? ஏரி வேறு இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. இதைச் சோதனை தொடங்குமுன்பே பேசி முடித்துவிட வேண்டும்.