பரிசுப் பயணம் பரிமாற்றமாக வேண்டும்

தமிழக அரசுப் பள்ளிகளில் இலக்கியம், வினாடி வினா, திரைப்படம், அறிவியல் என மாணவர் மன்றங்கள் செயல்படுகின்றன. மன்றப் போட்டிகளில் வென்றோரை அரசே தன் செலவில் வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. 2022இல் ஷார்ஜா புத்தகக் காட்சிக்கும், 2023இல் ஜப்பானுக்கும் மாணவர்கள் சென்றனர். இது பாராட்டுக்குரிய முயற்சி.

ஆனால், சில நாள் கல்விச் சுற்றுலா மாணவர் பரிமாற்றம் ஆகிவிடாது. 2002இல் அமெரிக்க அரசு தொடங்கிய 'யெஸ்' திட்டத்தில் தேர்வாகும் மாணவர், அந்நாட்டுக் குடும்பம் ஒன்றுடன் தங்கி, உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கல்வியாண்டு பயில்கிறார். தன் ஊரைப் பற்றி அங்குள்ளோருக்கு எடுத்துரைக்கவும் செய்கிறார்.

அவ்வாறு எடுத்துரைக்க விருத்தாசலத்து மாணவரிடம் நிறையவே உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலுக்கென்றே அரசுப் பட்டயக் கல்லூரியும் உள்ள ஊர் அது. களிமண் சூளையில் வெந்து மின்சாதனப் பாகமாகவும் பொம்மையாகவும் மாறும் நுட்பத்தை, அவ்வூர்ப் பள்ளி மன்றங்கள் தொழிற்கூடங்களுக்கே அழைத்துச் சென்று கற்பிக்கலாம்.

நான்கு நூற்றாண்டுகளாகப் பீங்கான் செய்துவரும் ஜப்பானின் அரிதா நகரப் பள்ளியொன்றுடன் அம்மன்றங்களை அரசு இணைக்கலாம். இங்கிருந்து செல்வதோடு, அங்குள்ள மாணவர்கள் விருத்தாசலம் வந்து தங்கிப் பயிலவும் வழி வேண்டும். நாம் கற்பிக்கவும் ஒன்று இருக்கும்போதுதான் அது பரிமாற்றம். அதுவரை அது பரிசு மட்டுமே.