தண்ணீர் ஓட வேண்டியது எங்கே?

சென்னைக்குத் தெற்கே, மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறு வழிச் சாலை நீண்டு கிடக்கிறது. கம்பெனிகள் வந்தன, பின்னாலேயே அடுக்குமாடி வீடுகளும் வந்தன. குழாயும் சாக்கடையும் மட்டும் உடன் வரவில்லை!

2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, சோழிங்கநல்லூரும் நகரோடு சேர்ந்தது. அதற்குள் அங்கே மாடிகள் எழுந்துவிட்டன.

விளைவு என்ன? குழாய் எட்டாத குடியிருப்புகளுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. கழிவுநீரும் லாரியிலேயே போகிறது. வேலைக்குச் செல்வோரின் வண்டிகளோடு இந்த லாரிகளும் முட்டி மோதுகின்றன. பூமிக்கடியில் ஓட வேண்டிய தண்ணீர் சாலையில் ஓடினால், நெரிசல் எப்படித் தீரும்?

மேம்பாலம் மட்டும் போதாது. மாடி கட்ட அனுமதி கொடுக்குமுன், "அங்கே குழாய் உண்டா?" என்று அதிகாரிகள் கேட்கட்டும். வீடு வாங்குவோரும் அதையே கேட்கட்டும்!