பனி குறையும்போது நாம் செய்ய வேண்டியது

2024 சனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியின்றி வெறுந்தரையாய்க் கிடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதிய பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. பனிச்சறுக்குக் கற்பிப்போர், சறுக்குவண்டி இழுப்போர், விடுதிப் பணியாளர்கள் ஆகிய நம் சகோதரர்களின் வீடுகளில் குளிர்காலத்து அடுப்பெரிவது அந்தப் பனியை நம்பித்தான். ஆதலால், பிற மலைநாடுகள் இந்நிலையை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை நாமும் கவனித்தல் வேண்டும்.

பெரும்பாலோர் நாடுவது செயற்கைப் பனி. நீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் கடுங்குளிரில் பீய்ச்சினால், துளிகள் உறைந்து பனியாய் விழும். இதற்கு மின்சாரமும் மிகுந்த நீரும் தேவை; உறைய வைக்கும் குளிரும் தேவை. புவி வெப்பமடைய, அக்குளிர் நிலவும் நேரமே சுருங்குகிறது. 2020 பிப்ரவரியில் பிரான்சின் பைரனீஸ் மலையிலுள்ள ஒரு சறுக்குத்தலத்திற்கு ஹெலிகாப்டரில் ஏறத்தாழ 50 டன் பனியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெப்பத்தைக் கூட்டும் புகையைக் கக்கியே, வெப்பம் விளைவித்த குறையை மூட முயன்றார்கள்!

ஒளூச் செய்வதற்கும் அளவோடு நீரெடுக்க வேண்டுமென்று மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த அளவுகோல் மலையுச்சிக்குப் பொருந்தாதா?

மற்றொரு வழியும் உண்டு. பிரான்சின் ஜூரா மலையில், 1,500 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது மெத்தாபியெஃப். 2030க்கும் 2035க்கும் இடையில் தங்கள் சரிவுகளில் சறுக்குத் தொழில் முடிவுக்கு வரக்கூடும் என்பதை 2020இலேயே அவ்வூரார் ஏற்றுக்கொண்டார்கள். புதிய கம்பிவட ஊர்திகளில் பணத்தை முடக்காமல், இருப்பவற்றைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகிறார்கள். மலை மிதிவண்டி முதலிய, பனியை நம்பாத தொழில்களை வளர்க்கிறார்கள்.

செயற்கைப் பனி அறவே கூடாது என்று நாம் கூறவில்லை. அன்றாடக் கூலியை நம்பியிருப்போரிடம், "நாளை முதல் வேறு வேலை தேடுங்கள்" என்பது நீதியாகாது. ஆனால், இயந்திரம் வாங்கித்தரும் சில ஆண்டுகள் உறங்குவதற்கல்ல, மாற்றுத்தொழில் பழகுவதற்கே. அந்த ஆண்டுகளில் கீழ்க்கிராமத்தின் குடிநீரும் பறிபோகக் கூடாது.

குல்மார்க் என்பதன் பொருளே மலர்வெளி. பனியில்லாத மாதங்களிலும் அம்மண்ணில் அருள் உண்டு. அதைக்கொண்டு பிழைக்கும் வழியை, பனி முற்றிலும் பொய்க்குமுன், அங்கு உழைப்போரைக் கலந்தே வகுத்தல் வேண்டும். உண்மையை உரிய காலத்தில் ஏற்கும் மனத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.