வாச்சாத்திக் கிணறு

2023 ஆகஸ்ட் மாதம் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய வேட்டையைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘கூச முனிசாமி வீரப்பன்’ என்ற இன்னொரு தொடர் ஜீ5 தளத்தில் வந்தது. இரண்டுக்கும் நடுவே, செப்டம்பர் 29 அன்று, வாச்சாத்தி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: மேற்கு மாவட்டங்களின் மலைகளில் விளைந்த சந்தனமரம். ஆனால் தொடர்களைப் பற்றி வீடு வீடாகப் பேச்சு நடந்தது. தீர்ப்பு சில நாள் செய்தியோடு அடங்கிப்போனது. இது தற்செயல் என்று நாம் கருதவில்லை. மலையில் நடக்கும் குற்றத்தைக் கதையாகச் சொல்ல நாம் பழகிக்கொண்ட முறையிலேயே கோளாறு இருக்கிறது. அந்த முறை ஒரு ஆளைத் தேடுகிறது. ஆள் கிடைத்ததும் ஊர் மக்களின் பாடு அவனுக்குப் பின்னால் கட்டிய படுதாவாகிவிடுகிறது. மலைக்கிராமத்தின் பசியும் பட்டாவற்ற நிலமும் குற்றத்துக்குப் பின்னணி என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அவை குற்றத்தின் விளைவு. சில நேரங்களில் அவையே குற்றம்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் சீத்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையினர், போலீசார், வருவாய்த்துறையினர் உள்ளே நுழைந்தார்கள். ஊரை ஆலமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பதுக்கிய கட்டையைக் காட்டச் சொல்லி இளம்பெண்களை ஏரிப்பக்கம் ஓட்டிப் போனார்கள். 13 வயதுச் சிறுமி உட்பட 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில் இரவு முழுக்க அடைத்து, தங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அந்தப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். அங்கிருந்து சேலம் சிறை. குழந்தைகளும் உடன் போனார்கள். ஆண்கள் மலைக்காட்டுக்குள் ஓடிப் பதுங்கினார்கள். இதெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பதிவாகி, மெய்ப்பிக்கப்பட்டு, மேல்முறையீட்டிலும் நிலைத்து நின்றவை.

குற்றக்கதை எழுதுகிறவர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார். வாச்சாத்தி அங்கே நிற்கவில்லை. வந்தவர்கள் வீடுகளை இடித்தார்கள். ஆடு, கோழிகளை அறுத்துத் தின்றார்கள். சேர்த்துவைத்திருந்த தானியத்தைத் தின்ன முடியாதபடி கெடுத்தார்கள். குடிதண்ணீர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். ஒரு மனிதரை அடிப்பதற்கும் ஒரு கிணற்றைக் கெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யோசிக்க வேண்டும். அடித்தவர் ஒருவர், அடிபட்டவர் ஒருவர் என்றால் பெயர் சொல்லி வழக்குப் போடலாம். கிணறு கெட்டால் ஊரில் அடுப்பு எரியாது, மாடு நிற்காது, கைக்குழந்தையோடு யாரும் திரும்பி வர முடியாது. தவசம் கெட்டால் அடுத்த விதைப்புக்கு விதை இல்லை. விதை இல்லையென்றால் கடன். கடன் வந்தால் கூலிக்காக ஊரை விட்டுப் போக வேண்டும். பத்தாண்டு கழித்து அந்த ஊருக்குப் போகிறவர் ஏழ்மையைப் பார்த்துவிட்டு, ‘பின்தங்கிய மலைக்கிராமம்’ என்று எழுதுவார். பின்னே தள்ளப்பட்ட ஊருக்கும் பின்தங்கிய ஊருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகும்.

‘அந்த ஊரார் சந்தனம் வெட்டியது பொய்யா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கூலிக்கு வெட்டியவர்கள் இருந்திருக்கலாம். மரத்தை வெட்டினால் என்ன தண்டனை என்று சட்டத்தில் இருக்கிறது. அதில் ஏரிக்கரையும் இல்லை, துடைப்பமும் இல்லை. அதைவிட முக்கியமான பதிலை உயர் நீதிமன்றமே தந்தது. நீதிபதி பி.வேல்முருகன் அந்த ஊருக்கு நேரில் சென்று பார்த்த பிறகு எழுதிய தீர்ப்பில், உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே அப்பாவிக் கிராமத்தார் பலியாக்கப்பட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். வெட்டுகிறவன் கையில் கூலி மட்டும் தங்குகிறது. கட்டை லாரி ஏறி, சோதனைச்சாவடியைக் கடந்து, கிடங்கைச் சேர்வதற்குள் அதன் விலையில் பங்கு பெறுகிறவர்கள் வேறு. அவர்களை விட்டுவிட்டு வெட்டியவனின் ஊரைத் தண்டிப்பது சுலபம். மலைக்கு ரோடு இல்லை, தாலுகா ஆபீசில் ஆள் இல்லை, வக்கீல் இல்லை. ஊரின் தொலைவே அங்கே அதிகாரத்துக்கு மறைவிடமாக இருந்தது.

வீரப்பன் வேட்டையிலும் இப்படி ஊராரே தண்டிக்கப்பட்டார்கள். தமிழக, கர்நாடகக் கூட்டு அதிரடிப்படையின் மீது வந்த சித்திரவதைப் புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கையை வைத்து, 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது ஆணையம். தலைக்குச் சராசரியாக 3 லட்சம் சொச்சம். 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் கொல்லப்பட்டதுமே அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. ஒரு தரப்புக்கு வெற்றி கிடைத்த கையோடு பரிசு. மறு தரப்புக்கு விசாரணை, காத்திருப்பு, பிறகு ஏறத்தாழ அதே தொகை, மனையும் பதவியும் இல்லாமல். எது வீரச்செயல், எது வருந்தத்தக்க சம்பவம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கதைகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கின் வழியே நடக்கின்றன.

இப்படிச் சொல்வது வீரப்பனுக்கு வக்காலத்து ஆகாதா என்பது நியாயமான கேள்வி. ஆகாது. 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் பாலாற்றில் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. 1991 நவம்பரில் வீரப்பன் நயவஞ்சகமாக வரவழைத்துக் கொன்ற வன அதிகாரி பி.சீனிவாசை நினைத்துப் பாருங்கள். அவர் வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்துக்கே போய்த் தங்கி, ஊராருக்கு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்து, அவர்களோடு பழகி, அவர்கள் மூலமே கும்பலைக் கரைக்கப் பார்த்தவர். அந்த ஊர் இன்றும் அவரை மறக்கவில்லை. மலைமக்கள் அரசுக்கு எதிரிகள், ஆகவே அடக்கியே ஆளவேண்டும் என்ற வாதத்துக்கு அவருடைய வாழ்க்கையே மறுப்பு. ஊரை நம்பிப் போன அதிகாரியும், ஊரைச் சிதைத்தவர்களில் பலரும் வனத்துறைச் சீருடையைத்தான் போட்டிருந்தார்கள். ஆக, அடக்குமுறையைத் தவிர வேறு வழியில்லாமல் போகவில்லை. வழி இருந்தது, அது கைவிடப்பட்டது.

இன்னொரு பதிலும் வரும்: ‘எப்படியோ நீதி கிடைத்துவிட்டதே.’ கிடைத்தது. 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டு, மேல்முறையீடு முடிய 31 ஆண்டு. அந்த நீதியும் தானாக நடக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் வழக்கைக் கைவிடாமல் தூக்கிச் சுமந்தன. 1995இல் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்கள் கூண்டில் ஏறி, அதிகாரிகளின் முகத்துக்கு நேரே அடையாளம் சொன்னார்கள். தொடர்கள் வந்ததால்தானே மலைப்பக்கம் நாட்டின் கண் திரும்பியது என்றால், அதில் உண்மை உண்டு. சித்திரவதையைப் பற்றிப் பேசிய தொடர்களும் உண்டு. ஆனாலும் ஆளைத் தேடிப் போன கண், ஆள் செத்ததும் மூடிக்கொள்கிறது. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004லேயே வேறு விதமாகச் செய்து காட்டியது. அந்த நாவலின் நடுவில் நிற்பது சோளகர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு தொட்டி, ஒரு மக்கள் கூட்டம். அதனால்தான் வேட்டை முடிந்த பிறகும் அது வாசிக்கப்படுகிறது.

துப்பாக்கியே இல்லாத குற்றத்துக்கு நம்மிடம் கதையே கிடையாது என்பதுதான் மிகவும் வருத்தம் தருவது. அதே 2023இல், மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் சரியான ரோடு இல்லை. உடலைத் திரும்பக் கொண்டு வந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட்டது. தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். இதில் கொலைகாரன் யார்? பாம்பு என்று முடித்துவிடலாமா? சான்றிதழ் விஷயமும் இப்படித்தான். சீத்தேரியில் பழங்குடிச் சான்றிதழ் பெறும் அதே மலையாளி மக்களுக்கு ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் அது கிடைப்பதில்லை. மாவட்ட எல்லைதான் அவர்கள் யார் என்று தீர்மானிக்கிறது. இவற்றில் கோப்பில் கையெழுத்துப் போடாமல் விட்டவர் உண்டு, ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட்டவர் உண்டு, ‘வனத்துறை அனுமதி இல்லை’ என்ற ஒரு வரியோடு கைகழுவியவர் உண்டு. துப்பறிந்து எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தடயங்கள் போதாதா?

எழுத்தாளர்களிடமும் திரைக்காரர்களிடமும் நாம் கேட்பது குற்றக்கதையைக் கைவிடும்படி அல்ல. அதை இன்னும் ஒழுங்காகத் துப்பறிந்து எழுதும்படி. துப்பாக்கி எந்தப் பக்கம் வெடித்தது என்பதோடு, ஊரில் அன்று ரேஷன் வந்ததா, கிராமக் கணக்கில் நிலம் யார் பெயரில் இருந்தது, வன உரிமைச் சட்டத்தின்படி மனுக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் வந்தது என்பதையும் அதே ஆர்வத்தோடு தேடட்டும். இந்த இதழுக்கு வரும் படைப்புகளையும் இனி இந்தக் கண் கொண்டே படிப்போம். மலையில் நடந்த குற்றத்தைப் பற்றிய எழுத்து எங்கள் மேசைக்கு வந்தால், சுட்டவன் யார் என்று தேடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்ப்போம்: அந்த ஊரார் மறுநாள் காலையில் எங்கே போய்த் தண்ணீர் மொண்டார்கள் என்று இதில் எழுதியிருக்கிறதா?